ஒடிசியஸ் பொய் சொன்னான், அதீனா சிரித்தாள்

போன இதழில் ஒரு வாசகர், “அக்கிலீஸ், ஒடிசியஸ் இருவரில் உங்கள் ஆள் யார்?” என்று கேட்டிருந்தார். “அக்கிலீஸுக்கு அம்மா கடல் தேவதை. ஒடிசியஸுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பேர்போன திருடர். நான் திருடர் கட்சி” என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். இப்போது ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதங்களை அனுப்பி, மேலே ஒரு சீட்டும் குத்தியிருக்கிறார்: “நீங்கள் ஆரம்பித்தது, நீங்களே முடியுங்கள்.” ஆகவே சினிமா, சர்க்கரை வியாதி, மருமகள் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பேராசிரியன் இல்லை. 26 வருஷம் சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் எண்ணெய்க் கையோடு திரிந்தவன். ட்ராய்ப் போர் முடிந்து வீடு திரும்ப ஒடிசியஸ் பத்து வருஷம் படும் பாட்டைக் கிரேக்கக் கவி ஹோமர் பாடியதுதான் ஒடிசி. யாரோ விட்டுப்போன அட்டை கிழிந்த மொழிபெயர்ப்பில்தான் அதை முதலில் படித்தேன். அதுவும் வாட்ச் டியூட்டி முடிந்து தூக்கம் வராத ராத்திரிகளில். அதனால் என் பதில்களில் கொஞ்சம் டீசல் வாசனை அடிக்கும்.

கேள்வி: கூடவே அதீனா என்ற தேவி நின்று எல்லாவற்றையும் நடத்திக் கொடுத்தால் அதில் ஒடிசியஸின் சாமர்த்தியம் என்ன? விடைத்தாளைக் கையில் கொடுத்துப் பரீட்சைக்கு அனுப்பியது மாதிரி இல்லையா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: அவள் எப்போது வருகிறாள், எப்போது வராமல் இருக்கிறாள் என்று பாருங்கள். ஒடிசியின் 5-ஆம் காண்டம். கலிப்சோ என்ற தேவதையின் தீவில் 7 வருஷமாக அகப்பட்டுக் கிடக்கிறான் ஒடிசியஸ். மேலிடத்தில் சிபாரிசு செய்வது அதீனாதான், மறுக்கவில்லை. ஆனால் தேவர்களின் ராஜா ஜீயஸ் போடும் உத்தரவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: தெய்வமும் கூடப் போகக்கூடாது, மனிதனும் கூடப் போகக்கூடாது, தெப்பம் கட்டிக்கொண்டு தனியாகப் போகட்டும்.

அப்புறம் ஹோமர் நம்மைத் தச்சுப் பட்டறைக்குக் கூட்டிப்போகிறார். கலிப்சோ ஒலிவக் காம்பு போட்ட வெண்கலக் கோடரி தருகிறாள், வாய்ச்சி தருகிறாள், துளை போடத் துரப்பணம் தருகிறாள். அவன் 20 மரம் வெட்டுகிறான். எல்லாம் நின்றபடியே காய்ந்த மரம், ஏனென்றால் பச்சை மரம் லேசாக மிதக்காது. வாய்ச்சியால் செதுக்கி, நூல் பிடித்து நேராக்கி, துளையிட்டு, ஆப்பு அடித்து இறுக்குகிறான். 4 நாள் வேலை. 5-ஆம் நாள் புறப்பாடு. சப்தரிஷி மண்டலத்தை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு 17 நாள் தூங்காமல் சுக்கான் பிடிக்கிறான். இதில் எந்த இடத்திலும் அதீனா இல்லை.

18-ஆம் நாள் கரை தெரிகிறது. அவன்மேல் கோபமாக இருக்கும் கடல் தெய்வம் பொசைடன் பார்த்துவிடுகிறான். புயல். அப்போது லூகோதியா என்ற கடல் தேவதை இரக்கப்பட்டு, நீர்ப்பறவை மாதிரி எழுந்து வந்து, “இந்த முக்காட்டுத் துணியை மார்பில் கட்டிக்கொள், தெப்பத்தை விட்டுக் குதி” என்கிறாள். நீங்களும் நானும் என்ன செய்வோம்? கும்பிட்டுவிட்டுக் குதிப்போம். இவன் யோசிக்கிறான். ‘இதுவும் ஏதாவது தெய்வத்தின் வலையாக இருந்தால்? மரம் பிரியாத வரைக்கும் இதிலேயே இருப்பேன். பிரிந்தால் நீந்துகிறேன், வேறு வழி இல்லை.’ கடவுள் நேரில் வந்து கொடுத்த உயிர்காப்பு உடையைக்கூட, படகு இருக்கும்வரை படகுதான் என்று ஓரமாக வைக்கிறான். கப்பலில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்: தண்ணீரில் குதிப்பது கடைசி வேலை.

தெப்பம் சிதறுகிறது. ஒரு கட்டையில் குதிரைச் சவாரி மாதிரி ஏறி உட்கார்ந்து, நனைந்து கனத்த உடுப்பைக் கழற்றி எறிந்து, துணியைக் கட்டிக்கொண்டு குதிக்கிறான். இப்போதுதான் அதீனா வருகிறாள். மற்றக் காற்றுகளைக் கட்டிப்போட்டு வாடைக்காற்றை மட்டும் விடுகிறாள். 2 பகல், 2 இரவு நீச்சல். கரையோரத்தில் அலை அவனைப் பாறைமேல் வீசப் பார்க்கிறது. பாறையை இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கிறான். திரும்பும் அலை பிய்த்து இழுக்கிறது. வளையிலிருந்து இழுத்த கணவாயின் உறிஞ்சிகளில் கூழாங்கல் ஒட்டிக்கொண்டு வருமே, அது மாதிரி அவன் உள்ளங்கைத் தோல் பாறையில் ஒட்டிப்போனது என்கிறார் ஹோமர். (சாக்குக்கணவாய் பிடிப்பவர்களைக் கேளுங்கள், அந்த உவமை எவ்வளவு சரி என்று சொல்வார்கள்.) அந்த நேரத்தில் அதீனா மட்டும் புத்தி கொடுக்காவிட்டால் அவன் போய்ச் சேர்ந்திருப்பான் என்கிறது பாட்டு. என்ன புத்தி? அலை உடையும் இடத்துக்கு வெளியே போய், கரைக்கு இணையாக நீந்தி, ஆற்று முகம் தேடுகிற புத்தி. அவ்வளவுதான் அருள். அவள் தூக்கிக் கரையில் வைக்கவில்லை. விடைத்தாள் கொடுத்தவர் யாரும் மாணவனின் உள்ளங்கைத் தோலை உரித்ததாக நான் கேள்விப்படவில்லை.

கேள்வி: “முயற்சி திருவினையாக்கும்” என்பதற்குக் கிரேக்கத்தில் ஏதாவது பழமொழி உண்டா? (தேனி வாசகி)

பதில்: உண்டு. ஈசாப் கதைகளில் வருகிறது. பணக்கார ஏதென்ஸ்காரர் ஒருவர் போன கப்பல் கவிழ்ந்துவிட்டது. மற்றவர்கள் நீந்துகிறார்கள். இவர் மட்டும் “அதீனா தாயே, என்னைக் காப்பாற்றினால் அதைத் தருகிறேன், இதைத் தருகிறேன்” என்று நேர்ந்துகொண்டே இருக்கிறார். பக்கத்தில் நீந்திப் போனவர் சொன்னார்: “அதீனாவோடு சேர்த்து உன் கையையும் ஆட்டு.”

ஒரு ஜனவரியில், பிஸ்கே விரிகுடாவில், எங்கள் என்ஜின் அறையில் கடல்நீர்க் குழாய் ஒன்று வெடித்தது. இடுப்பளவு தண்ணீருக்குள் குனிந்து வால்வு சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்த என் சீனியர், திருகலுக்குத் திருகல் “வேளாங்கண்ணி மாதாவே” என்று கத்தினார். வாய் மாதாவை விடவில்லை, கை வால்வை விடவில்லை. ஈசாப்பை நான் படித்தது அதற்குப் பல வருஷம் கழித்து. படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது.

கேள்வி: கிரேக்கர்கள் இந்தத் தந்திர புத்திக்கு “மேதிஸ்” என்று பெயர் வைத்திருந்தார்களாமே! நம்முடைய “மேதை”யும் அதுவும் ஒரே சொல்தானே? (சேலம் வாசகர்)

பதில்: காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. ஆனால் உறவு இல்லை. மேதை என்பது ‘மேதா’ என்ற வடசொல் வழி வந்தது, அதன் வேர் வேறு. மேதிஸின் வேருக்கு ‘அளத்தல்’ என்று பொருள். அதே வேரிலிருந்து வடமொழிக்குப் போய் நம்மிடம் வந்து சேர்ந்த சொல் ஒன்று உண்டு: மாத்திரை. ஆக, காலையில் நீங்கள் விழுங்கும் பிரஷர் மாத்திரைதான் மேதிஸுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

விழுங்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. ஹெஸியோட் என்ற பழைய கிரேக்கக் கவி சொல்லும் கதையில் மேதிஸ் ஒரு பெண். ஜீயஸின் முதல் மனைவி. அவளுக்குப் பிறக்கும் மகன் அப்பனை ஆட்சியிலிருந்து இறக்குவான் என்று ஆரூடம். ஜீயஸ் கர்ப்பிணி மனைவியை அப்படியே விழுங்கிவிட்டான். வயிற்றில் இருந்த பெண் குழந்தை அவன் தலை வழியாக வெளியே வந்தது. அவள்தான் அதீனா. தந்திரத்தை வெளியே நடமாட விடாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டவன் ராஜா. அந்தத் தந்திரத்தின் மகள், மனிதர்களில் தன் ஜாடை யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டு திரிகிறாள். அடுத்த கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

கேள்வி: தேவியின் முகத்துக்கு நேரே பொய் சொன்னவனுக்குச் சாபம் அல்லவா கிடைத்திருக்க வேண்டும்? நம் புராணங்களில் இதைவிடச் சின்னக் குற்றத்துக்குக் கல்லாகிப் போயிருக்கிறார்கள். (கோவை வாசகி)

பதில்: அம்மா, இலக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியைக் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

13-ஆம் காண்டம். 20 வருஷம் கழித்து ஒடிசியஸ் சொந்த மண்ணான இதாக்காவில் இறக்கப்படுகிறான், நல்ல தூக்கத்தில். கப்பலில் கொண்டுவந்து விட்ட ஃபியாசியர்கள் என்ற கடலோடிகள், கொடுத்த பரிசுப் பொருள்களையும் ஓர் ஒலிவ மரத்தடியில் அடுக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதீனா சுற்றிலும் மூடுபனி போட்டிருக்கிறாள். எழுந்து பார்த்தால் ஊர் அடையாளம் தெரியவில்லை. “ஐயோ, எந்தத் தேசத்தில் தள்ளிவிட்டார்கள்” என்று தொடையில் அடித்துக்கொண்டு புலம்புகிறான். சரி, புலம்பிய கையோடு என்ன செய்கிறான் தெரியுமா? பாத்திரங்களை எண்ணுகிறான். முக்காலிகள், கொப்பரைகள், பொன், துணிமணி எல்லாம் கணக்கு சரியாக இருக்கிறதா, படகுக்காரன் எதையாவது சுருட்டிக்கொண்டானா என்று. ஒன்றும் குறையவில்லை. திரும்பவும் அழ ஆரம்பிக்கிறான். துறைமுகத்தில் இறங்கியதும் பெட்டிகளை எண்ணாத கப்பல்காரன் உண்டா? இந்த இடத்தில்தான் நான் அவனுக்கு அடிமையானேன்.

அப்போது ஓர் இளம் இடையன் வருகிறான். ராஜ வீட்டுப் பிள்ளை மாதிரி மெல்லிய உடம்பு, கையில் எறியீட்டி. அதீனாதான். “இது என்ன ஊர் தம்பி?” “இதுகூடத் தெரியாதா? இதாக்கா.” உள்ளுக்குள் உயிரே துள்ளுகிறது. ஆனால் வாயில் வருவது வேறு. “ஓ, இதாக்காவா, கிரீட்டிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன்” என்று ஆரம்பித்து, தான் கிரீட்காரன் என்றும், ட்ராயில் கிடைத்த பங்கைப் பறிக்கப் பார்த்த கிரீட் ராஜா ஐடோமினியஸின் மகனை ராத்திரி மறைந்திருந்து கொன்றுவிட்டதாகவும், ஃபினீசியக் கப்பலில் தப்பி வந்ததாகவும் ஒரு முழுக் கதை கட்டுகிறான். ஆள் பெயர், ஊர் பெயர், கொலைக்குக் காரணம், காற்றுத் திசை எல்லாம் உண்டு. பொய்யிலும் ஓர் எச்சரிக்கை: நான் ஏற்கெனவே ஒருவனைக் கொன்றவன், என் பொருளில் கை வைக்காதே!

அதீனா சிரிக்கிறாள். கையால் அவனைத் தடவிக் கொடுக்கிறாள். இடையன் போய், உயரமான அழகிய பெண்ணாக நிற்கிறாள். ‘உன்னை மிஞ்ச வேண்டுமானால், கடவுளே வந்தாலும் பலே கள்ளனாக இருக்கவேண்டும். சொந்த ஊருக்கு வந்தும் இதை விடமாட்டாயா? போதும், நம் இருவருக்கும் இந்த வித்தை தெரியும். மனிதர்களில் நீ, தேவர்களில் நான்’ என்று அவள் பேசுவதன் சாரம்.

அவன் காலில் விழவில்லை. “உன்னை எப்படி அடையாளம் காண்பது, நீதான் நாளுக்கு ஒரு வேஷம் போடுகிறாயே. ட்ராயில் கூட இருந்தாய், சரி. கடலில் நான் நாறியபோது உன்னை என் கப்பல் பக்கம் பார்க்கவே இல்லையே” என்று குத்துகிறான். போதாததற்கு, “இது இதாக்கா என்று நீ சொல்வதும் கேலியாக இருக்கலாம்” என்கிறான். அதற்கு அவள், ‘இதனால்தான் உன்னை என்னால் விட முடியவில்லை. வேறு ஒருவனாக இருந்தால் இந்நேரம் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு ஓடியிருப்பான்’ என்கிறாள். பொய்க்குப் பரிசு என்று நான் இதைச் சொல்லமாட்டேன். பொய்யில் அவள் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். பேத்தி கணக்கில் ஏமாற்றும்போது கோபம் வராமல் “அப்படியே என்னைமாதிரி” என்று சிரிக்கும் பாட்டிகள் நம் வீட்டிலும் உண்டே.

கடலில் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அவள் சொன்ன காரணம்: “என் அப்பாவின் சகோதரன் பொசைடனோடு சண்டை போட விரும்பவில்லை.” மொழிபெயர்ப்பாளர்களுக்கு இங்கே ஒரு வம்பு. சித்தப்பாவா, பெரியப்பாவா? ஹோமர் கணக்கில் ஜீயஸ் மூத்தவன், எனவே சித்தப்பா. ஹெஸியோட் கணக்கில் ஜீயஸ் கடைக்குட்டி, எனவே பெரியப்பா. எதுவாக இருந்தால் என்ன, சொந்தக்காரர் மனம் நோகக்கூடாது என்று பத்து வருஷம் ஒருவனைக் கடலில் விட்டுவைத்திருக்கிறாள். தெய்வ அருளுக்கும் குடும்ப அரசியல் உண்டு.

கேள்வி: ஒற்றைக்கண் அரக்கனிடம் “என் பெயர் யாருமில்லை” என்று சொன்ன கதை எங்கள் பாட புத்தகத்தில் இருந்தது. அவ்வளவு புத்திசாலி, தப்பித்த பிறகு ஏன் பெயரைக் கத்திச் சொன்னான்? (நாகர்கோவில் மாணவி)

பதில்: வாய்க்கொழுப்பு. வேறு காரணம் இல்லை.

குகைக்குள் அவன் செய்தது பொறுமையின் உச்சம். முதல் ராத்திரியே வாளை உருவிவிட்டான். அரக்கன் ஈரலைத் தடவி, குத்தப் போகும்போது இரண்டாம் யோசனை வருகிறது: வாசலில் இருக்கும் பாறையை 22 நாலு சக்கர வண்டி சேர்ந்தாலும் அசைக்க முடியாது. இவனைக் கொன்றால் உள்ளேயே நாமும் சமாதி. எனவே குருடாக்கவேண்டும், கொல்லக்கூடாது. அந்த யோசனை பலிப்பதற்குள் அரக்கன் 6 பேரைத் தின்றுவிட்டான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பெயர்த் தந்திரத்தில் கிரேக்கக் காதுக்கு மட்டும் கேட்கும் ஒரு சிலேடை உண்டு. “யாருமில்லை” என்பதை அந்த மொழியில் இரண்டு விதமாகச் சொல்லலாம்: ஊ டிஸ், மே டிஸ். ஒடிசியஸ் சொன்ன பெயர் முதலாவது. கண் போன அரக்கன் “யாருமில்லை என்னைக் கொல்கிறான்” என்று அலற, குகைக்கு வெளியே கூடிய மற்ற அரக்கர்கள், “உன்னை யாரும் துன்புறுத்தவில்லை என்றால் எங்களை ஏன் கூப்பிட்டாய்” என்று சொல்லும்போது வருவது இரண்டாவது. காதில் விழுவது ‘மேதிஸ்’! யார் செய்தது என்று அவர்களே சரியாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். உள்ளே இவன் மனசுக்குள் சிரிக்கிறான்.

கப்பல் ஏறித் தூரம் போனதும் ஒரு தடவை கத்தினான். அரக்கன் மலை உச்சியைப் பிய்த்து வீசினான், அலையில் கப்பல் கரைக்கே திரும்பியது. கூட இருந்தவர்கள் “போதும், வாயை மூடு” என்று கெஞ்சுகிறார்கள். கேட்கவில்லை. இரண்டு மடங்கு தூரம் போய் மறுபடியும் கத்தினான்: ஒடிசியஸ், தகப்பன் பெயர் லாயெர்டீஸ், ஊர் இதாக்கா. மனுவுக்கு வேண்டிய மூன்றும் கிடைத்துவிட்டது. அரக்கன் அதை அப்படியே ஒப்பித்து அப்பா பொசைடனிடம் மனு போட்டான். அதுவரை அவன் ‘யாருமில்லை’ மேல் எப்படிப் புகார் கொடுத்திருப்பான்? 12 கப்பலோடு ட்ராயை விட்டவன், கடைசியில் ஒற்றை ஆளாக வீடு வந்தான். மற்றக் காரணங்களும் உண்டு, ஆனால் கணக்கு இங்கே ஆரம்பிக்கிறது.

கேள்வி: தெய்வம் ஒருவர் பக்கம் சாய்ந்தால் மற்றவர்களுக்கு அது கள்ளாட்டம்தானே? (விருதுநகர் வாசகர்)

பதில்: சந்தேகமில்லாமல். ட்ராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் 23-ஆம் காண்டத்தில், தன் நண்பன் பட்ரோக்ளஸ் செத்ததற்கு அக்கிலீஸ் நடத்தும் விளையாட்டுகளில் ஓர் ஓட்டப்பந்தயம் வருகிறது. முன்னால் ஓடுபவன் ஓயிலியஸின் மகன் அஜாக்ஸ். ஒடிசியஸ் அவன் பிடரியில் மூச்சு படும் தூரத்தில். முடிவுக் கோடு நெருங்கும்போது ஒடிசியஸ் மனசுக்குள் “தேவி, என் காலுக்குத் துணை வா” என்கிறான். அஜாக்ஸ் வழுக்கி விழுகிறான், அதுவும் பலிகொடுத்த மாடுகள் போட்டிருந்த சாணியில். வாய், மூக்கு எல்லாம் சாணி. ஒடிசியஸுக்கு முதல் பரிசு, சைடன் நகரத்து வெள்ளிக் கிண்ணம். அஜாக்ஸ் இரண்டாம் பரிசான மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, சாணியைத் துப்பிக்கொண்டே சொல்கிறான்: “சே, அந்தத் தேவி என் காலை வாரிவிட்டாள். எப்பவும் ஓர் அம்மா மாதிரி இவன் பக்கத்திலேயே நிற்கிறாள்.” படை முழுக்கச் சிரிக்கிறது.

என்னைக் கேட்டால் அந்தப் பந்தயத்தில் உண்மையில் ஜெயித்தது மூன்றாவதாக வந்த பொடியன், நெஸ்டரின் மகன் ஆன்டிலோக்கஸ். ‘பெரியவர்களைத் தெய்வங்கள் மதிக்கின்றன, பாருங்கள். ஒடிசியஸைக் காலால் ஜெயிக்க அக்கிலீஸ் ஒருவரால்தான் முடியும்’ என்று ஒரு போடு போட்டான். பரிசு கொடுப்பவரே அக்கிலீஸ்தான்! மனம் குளிர்ந்து, அரைத் தாலந்து தங்கத்தை ஒரு தாலந்தாக்கிக் கொடுத்துவிட்டார். எந்தத் தெய்வமும் செலவாகவில்லை.

சாணியில் விழுந்த அஜாக்ஸின் முடிவும் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பும்போது கப்பல் உடைகிறது. பொசைடன்தான் அவனைப் பாறை ஏற்றிக் காப்பாற்றுகிறான். ஏறியதும், “கடவுள்களுக்குப் பிடிக்காவிட்டாலும் நான் பிழைத்துவிட்டேன்” என்றான். பொசைடன் அந்தப் பாறையையே சூலத்தால் பிளந்துவிட்டான்.

கேள்வி: பலசாலி அஜாக்ஸ் என்று இன்னொருவர் உண்டே, தற்கொலை செய்துகொண்டவர்? அவருக்கு ஏன் அருள் இல்லை? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: வேண்டாம் என்று அவரே சொன்னார். சோஃபோக்ளீஸின் நாடகத்தில் வருகிறது. போருக்குப் புறப்படும்போது தகப்பன் டெலமோன், “ஈட்டியால் ஜெயி, ஆனால் கடவுள் துணையோடு ஜெயி” என்று சொல்லி அனுப்பினார். மகன், “கடவுள் துணை இருந்தால் ஒன்றுக்கும் ஆகாதவன்கூட ஜெயிப்பானே. நான் அது இல்லாமல் ஜெயிக்கிறேன்” என்றான். பிறகு போர்க்களத்தில் அதீனாவே பக்கத்தில் வந்து நின்றபோது, “நீ வேறு யாருக்காவது துணை போ, நான் நிற்கும் இடத்தில் அணி உடையாது” என்றான். அக்கிலீஸ் செத்தபிறகு அவன் ஆயுதங்கள் தனக்கு வராமல் ஒடிசியஸுக்குப் போனதும், பழிவாங்கப் புறப்பட்டான். அவள் அவன் புத்தியைத் திருப்பிவிட்டாள். ஆட்டு மந்தையை எதிரிகள் என்று நினைத்து வெட்டித் தள்ளினான். தெளிந்ததும் வாள்மேல் விழுந்தான்.

அந்தக் காட்சியில் அதீனா ஒடிசியஸை அழைத்து, “பார், எதிரியைப் பார்த்துச் சிரிப்பதைவிட இனிமை உண்டா” என்கிறாள். அவன் சிரிக்கவில்லை. “எனக்கு அவன்மேல் பரிதாபம்தான் வருகிறது. அவன் கதியில் என் கதியையும் பார்க்கிறேன்” என்கிறான். செல்லப்பிள்ளைக்கே அம்மாவைப் பார்த்துப் பயம் வந்த இடம் அது. அதனால்தான் நான் ஒடிசியஸ் கட்சியாக இருந்தும் அதீனா கட்சி இல்லை.

கேள்வி: கடவுளையே ஏமாற்றிய புரோமிதியஸ்? (ஓசூர் வாசகர்)

பதில்: அவர் செய்ததைக் கசாப்புக்கடைக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். மாட்டை அறுத்து இரண்டு கூறு வைத்தார். நல்ல கறியை இரைப்பைத் தோலுக்குள் மறைத்து ஒரு கூறு. வெறும் எலும்பைப் பளபளக்கும் கொழுப்பால் மூடி இன்னொரு கூறு. ஜீயஸ் கொழுப்பை எடுத்தான். அன்றிலிருந்து பலியில் எலும்பும் கொழுப்பும் சாமிக்கு, கறி மனிதனுக்கு. ஜீயஸுக்குத் தந்திரம் தெரிந்தே இருந்தது என்று ஹெஸியோட் சமாளிக்கிறார். தெரிந்திருந்தால் அவ்வளவு கோபம் ஏன்? நெருப்பைப் பிடுங்கிக்கொண்டான். புரோமிதியஸ் அதைப் பெருஞ்சோம்புத் தண்டுக்குள் வைத்துத் திருடிவந்தார். அந்தத் தண்டுக்குள் நெட்டி மாதிரிச் சோறு இருக்கும், வெளியே தெரியாமல் உள்ளே கங்கு கனிந்துகொண்டே இருக்கும். அப்புறம் தண்டனை: பாறையில் சங்கிலி, அவர் ஈரலைத் தின்ன ஒரு கழுகு. அவரிடம் தந்திரம் நிறைய, மேலே சிபாரிசுக்கு ஆள் இல்லை.

கேள்வி: பெண்களுக்கு இந்த மேதிஸ் கிடையாதா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியை மறந்துவிட்டு இதுவரை எழுதியதற்கு மன்னிக்கவும். அவளைக் கட்டிக்கொள்ள வந்த 108 மாப்பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து ஆட்டையும் மாட்டையும் தின்றுகொண்டிருக்கிறார்கள். மாமனார் லாயெர்டீஸுக்குப் பிணத்துணி நெய்து முடித்ததும் கல்யாணம் என்கிறாள். பகலில் நெய்தாள், ராத்திரி பந்த வெளிச்சத்தில் பிரித்தாள். 3 வருஷம் ஓட்டினாள். 4-ஆம் வருஷம் வேலைக்காரி காட்டிக்கொடுத்துவிட்டாள். இந்த யோசனை எப்படி வந்தது என்று அவளே சொல்கிறாள்: ஏதோ ஒரு தெய்வம் என் நெஞ்சில் ஊதியது. எந்தத் தெய்வம் என்று சொல்லவில்லை. ஆனால் தறி யாருடைய இலாகா என்பது கிரேக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும்: அதீனாவுடையது.

கணவன் திரும்பி வந்து, எல்லோரையும் கொன்று, குளித்து எதிரே உட்கார்ந்தபோதும் அவள் நம்பவில்லை. வேலைக்காரியிடம் சாதாரணமாக, “அவர் கட்டிலை வெளியே எடுத்துப் போட்டுப் படுக்கை விரி” என்கிறாள். ஒடிசியஸ் கொதித்துவிட்டான். “என் கட்டிலை யார் நகர்த்தியது? வேரோடு நின்ற ஒலிவ மரத்தைச் சுற்றி அறை கட்டி, அந்த அடிமரத்தையே கால் ஆக்கி நான் செய்த கட்டிலாயிற்றே!” அவ்வளவுதான், அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. உலகத்தையே உளற வைத்தவனை ஒரே வாக்கியத்தில் உளற வைத்துவிட்டாள்.

ஒலிவ மரம் அதீனாவின் மரம். தெப்பம் வெட்டிய கோடரியின் காம்பு ஒலிவம். அரக்கன் கண்ணில் பாய்ச்சிய கழு ஒலிவம். தேவியும் அவனும் உட்கார்ந்து சதி பேசியது ஒலிவ மரத்தடி. கடைசியில் கட்டிலும் ஒலிவம். அவள் நேரில் இல்லாத இடத்திலெல்லாம் மரத்தை நட்டு வைத்திருக்கிறாரோ ஹோமர் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒரு தடவை பட்ராஸ் போகும் வழியில் இன்றைய இதாக்காவை டெக்கிலிருந்து பார்த்தேன். கல், கல்லுக்கு நடுவே சாம்பல் பச்சை. பக்கத்தில் நின்ற போசன், அதாவது டெக் ஆட்களின் மேஸ்திரி, “இதற்கா இருபது வருஷம்?” என்றார்.

கேள்வி: இதையெல்லாம் அந்தக் காலத்து மக்கள் நிஜமாகவே நம்பினார்களா? (வேலூர் வாசகர்)

பதில்: நம்பினார்கள், அதை வைத்து அரசியலும் செய்தார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸிலிருந்து விரட்டப்பட்ட பிசிஸ்ட்ரேட்டஸ் என்ற சர்வாதிகாரி திரும்பி வந்த விதத்தைக் கிரேக்கச் சரித்திர ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஃபையி என்று ஒரு கிராமத்துப் பெண். நாலு முழத்துக்கு மூன்று விரல் குறைவான உயரம், நல்ல அழகு. அவளுக்கு முழுக் கவசம் போட்டு, எப்படி நிற்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, தேரில் ஏற்றி நகரத்துக்குள் ஓட்டி வந்தார்கள். முன்னால் ஆள் அனுப்பி, “அதீனாவே பிசிஸ்ட்ரேட்டஸைத் தன் கோட்டைக்கு அழைத்து வருகிறாள்” என்று கூவவைத்தார்கள். மக்கள் கும்பிட்டு வரவேற்றார்கள். கிரேக்கர்களிலேயே புத்திசாலிகள் என்று பெயர் எடுத்த ஏதென்ஸ்காரர்களிடமா இந்த அசட்டு வேலை பலித்தது என்று ஹெரோடோட்டஸ் தலையில் அடித்துக்கொள்கிறார். எனக்கு இதில் அதீனா என்ன நினைத்திருப்பாள் என்றுதான் ஆவல். இந்தப் பொய்யையும் கேட்டுச் சிரித்திருப்பாளோ?

கேள்வி: சரி, ஒடிசியில் ஒடிசியஸைத் தவிர உங்களுக்குப் பிடித்தவர்? (காரைக்கால் வாசகர்)

பதில்: எல்பினார். கப்பல் ஆட்களிலேயே சின்னவன். சண்டையிலும் பெரிய வீரன் இல்லை, புத்தியிலும் அப்படியொன்றும் கெட்டி இல்லை என்று ஹோமரே சொல்லிவிடுகிறார். சர்சி என்ற சூனியக்காரியின் வீட்டில் ஒரு ராத்திரி குடித்துவிட்டு, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று மொட்டை மாடியில் படுத்தான். விடிகாலையில் கீழே ஆட்கள் புறப்படும் சத்தம் கேட்டுத் துள்ளி எழுந்தவன், ஏணி இருப்பதை மறந்து நேரே நடந்தான். கழுத்து முறிந்தது. அவசரத்தில் பிணத்தை அடக்கம் செய்யாமலே கப்பல் புறப்பட்டுவிட்டது.

ஒடிசியஸ் மரண உலகத்தின் வாசலுக்குப் போனபோது முதலில் எதிரே வந்து நின்ற ஆவி அவன்தான். “எப்படியப்பா, நான் கப்பலில் வருவதற்குள் நீ நடந்தே வந்துவிட்டாய்?” என்று கேட்கிறான் ஒடிசியஸ். எல்பினார் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைக் கடற்கரையில் எரித்து, ஒரு மேடு போட்டு, உயிரோடு இருந்தபோது கூட்டாளிகளோடு உட்கார்ந்து நான் வலித்த துடுப்பை அதன்மேல் நட்டுவிடுங்கள் என்றான். கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்து, விறகு வெட்டி, எரித்து, மேடு கட்டி, உச்சியில் துடுப்பை நட்டார்கள்.